மூட்டையில் வராத மானியம்

"வருசத்துக்கு ஆறாயிரம் ரூபா. அத வச்சி என்னங்க பண்ணிட முடியும்? ஒரு ஏக்கரு ஓட்டி, விதை போடறதுக்கே பத்தாது." இயக்கக் கூட்டங்களில் பி.எம்.கிசான் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் எழுந்து இதைக் கேட்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் என் வீட்டுக் கணக்கு நோட்டு கொஞ்சம் வேற மாதிரி சொல்லுது. அந்த நோட்டைத்தான் இங்கே விரிச்சி வைக்கிறேன்.

எங்க ஊர் செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலை ரோட்டிலிருந்து உள்ளே போகணும். வாசலில் நின்றால் ராஜகிரி மலை தெரியும். கிணற்றுப் பாசனத்தில் 60 சென்ட் கழனி, மானம் பார்த்த கொல்லி ஒரு ஏக்கர். கழனியில் சம்பா பட்டத்துக்குத் தூயமல்லி. கொல்லியில் மல்லாட்டை, ஓரத்துல துவரை, ஆமணக்கு. ரசாயன உரம் நிறுத்தி பல வருசம் ஆச்சு. வீட்டில் அம்மா, நான், என் மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். அவ்வளவுதான் எங்க ராஜ்ஜியம்.

இந்த வீட்டுக்கு அரசாங்கத்திடமிருந்து நேரடியாக வருகிற பணம் இரண்டு. ஒன்று பி.எம்.கிசான். 2019 பிப்ரவரியில் தொடங்கினாங்க. நிலம் வைத்திருக்கிற குடும்பத்துக்கு நாலு மாதத்துக்கு ஒரு தடவை 2,000 ரூபாய். எங்க பட்டா என் பெயரில் இருப்பதால் என் கணக்குக்கு வரும். இன்னொன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். முதல் சுற்றில் சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்கள் தேர்வானாங்க, அதில் என் மனைவியும் ஒருத்தி. இரண்டையும் கூட்டினால் வருசத்துக்கு 18,000. மாதக் கணக்கில் 1,500.

தொகையைப் பார்த்தால் சின்னதுதான். எந்த வாரத்தில் கைக்கு வருது, எந்தச் செலவுக்குப் போகுது என்று பார்த்தால்தான் அதோட பலம் புரியும். அதைச் சொல்லணும்னா முதலில் கடன் கதையைச் சொல்லணும்.

ரசாயன விவசாயம் செய்கிறவனுக்குக் கையில் காசே வேணாம். உரக்கடையில் போய் நின்றால் போதும். டி.ஏ.பி., யூரியா, களைக்கொல்லி, பூச்சி மருந்து எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு கொடுப்பாங்க. அறுவடை முடிஞ்சதும் வட்டியோடு கணக்கு முடிக்கணும். எந்த மருந்து, எத்தனை டப்பா என்பதையும் பாதி நேரம் கடைக்காரரே முடிவு பண்ணுவார். கடன் வாங்கினவன் வாய் திறக்க முடியாது.

நம்ம விவசாயத்துக்கு என்ன செலவு? ஜீவாமிர்தத்துக்கு இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு. மாடு இல்லாதவன் சாணம், கோமியம் விலைக்கு வாங்கணும். ஆட்டுக் கிடை போட்டால் கிடைக்காரருக்கு அன்னன்னைக்கே பணம் கொடுக்கணும். எல்லாத்துக்கும் மேல களை எடுப்பு. களைக்கொல்லி கடனுக்குக் கிடைக்கும், களை எடுக்கிற பெண்களின் கூலியைக் கடன் சொல்ல முடியுமா? சாயங்காலம் மூணு மணிக்குக் கொல்லியை விட்டு ஏறும்போது அவங்க கையில் காசு இருக்கணும். அவங்க வீட்டு உலை அதை நம்பித்தான் இருக்கு.

இயற்கை விவசாயத்துக்குச் செலவு குறைவு என்று நாமெல்லாம் மேடையில் சொல்றோம். மொத்தக் கணக்கில் அது உண்மைதான். ஆனால் அந்தக் குறைந்த செலவு முழுக்க ரொக்கச் செலவு, அதுவும் குறிப்பிட்ட சில வாரங்களில் வந்து நிற்கிற செலவு. இதை நாம் அழுத்திச் சொல்றதில்லை. எங்க பக்கத்தில் மாற நினைச்சு முதல் வருசமே திரும்பிப் போனவங்க நிறைய பேர். விளைச்சல் குறைஞ்சிடுச்சின்னு சொல்லுவாங்க. உட்கார்ந்து பேசினால், இருபத்தஞ்சாம் நாள் களை எடுக்கக் கையில் இரண்டாயிரம் ரூபாய் இல்லாமல்தான் பயிரை விட்டிருப்பாங்க. கோரையும் அறுகும் மல்லாட்டையை மூடின பிறகு பஞ்சகவ்யா தெளிச்சி என்ன பிரயோசனம்?

முன்பணத்தில் மாட்டிக்கொள்வது எங்க ஜில்லாவுக்குப் புதுசும் இல்லை. பழைய தென்னாற்காட்டு மல்லாட்டை வெள்ளைக்காரன் காலத்திலேயே புதுச்சேரி துறைமுகம் வழியாகப் பிரான்ஸ் தேசத்து மார்செய் வரைக்கும் கப்பலேறியது. வியாபாரிகள் விதைப்புக்கு முன்னாடியே குடியானவனுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அறுப்பில் சரக்காக எடுத்துக்கொண்டாங்க. அன்றைக்கு வியாபாரி, இன்றைக்கு உரக்கடை. இன்னும் பின்னாடி போனால் கோட்டைக்குள்ளேயே பெரிய நெற்களஞ்சியம் இருக்கு, போனவங்க பார்த்திருப்பீங்க. சுத்துப்பட்டுக் கழனி நெல் அளந்து கொட்டின இடம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகச் செஞ்சிக் கோட்டையைச் சேர்த்ததிலிருந்து கூட்டம் கூடி வருது. களஞ்சியத்தைப் பார்க்கிறப்ப எனக்கு ஒண்ணு தோணும். காலம் காலமா இந்தப் பூமியிலிருந்து எல்லாம் மேலே ஏறித்தான் போயிருக்கு. உழுகிறவன் கைக்கு எதுவும் கேட்காமல் ஏதோ ஒண்ணு கீழே இறங்கி வருவது இப்போதான்.

இனி நோட்டுக்கு வருவோம்.

ஏப்ரல் முதல் ஜூலைக்குள் வருகிற தவணை எங்களுக்கு மல்லாட்டைத் தவணை. ஆனி, ஆடியில் கொல்லி விதைப்பு. சில வருசம் விதைப்புக்கு முன்னாடியே வந்துடும், சில வருசம் பின்னாடி வரும். எப்படி வந்தாலும் முதல் களை அந்தப் பணத்தில்தான். ஆகஸ்ட் முதல் நவம்பருக்குள் வருவது சம்பா நடவுக்கோ, நடவு முடிந்த களைக்கோ போகும். டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் வருவது நெல் அறுப்பு மெஷின் வாடகைக்கு. நான் திட்டம் போட்டு ஒதுக்கலைங்க. அந்தந்த வாரத்தில் என்ன நெருக்கடியோ அதற்குப் போச்சு, ஐந்தாறு வருசம் எழுதினதைச் சேர்த்துப் பார்த்தால் இந்த வரிசை தெரியுது.

அதே நோட்டில் கசப்பான கணக்கு ஒன்றும் இருக்கு. 2019இல் எங்க ஊரில் களை எடுப்புக் கூலி 150 ரூபாய். 2,000 ரூபாய்க்கு 13 ஆள் வந்தாங்க. ஒரு ஏக்கர் கொல்லி முதல் களை அதில் முடிஞ்சது. இப்போ கூலி 250. அதே 2,000க்கு 8 ஆள்தான். கூலி ஏறினது நியாயம், அவங்களும் அரிசி பருப்பு வாங்கணுமே. ஏறாமல் இருப்பது அந்த ஆறாயிரம்தான். தொடங்கின நாளிலிருந்து அதே ஆறாயிரம். மீதி ஐந்து ஆள் வேலையை இப்போ நானும் என் மனைவியும் விடியற்காலையில் செய்றோம்.

மாதா மாதம் வருகிற ஆயிரத்தின் கதை வேறு. அது என் கணக்குக்கு வராததால் எனக்கு அதில் அதிகாரம் கிடையாது. தொடக்கத்தில் அது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்துச்சு. முதல் ஆறு மாதம் அவள் என்ன செய்தாள் என்றே எனக்குத் தெரியாது. ஒரு நாள் நாட்டு ஆடு இரண்டு வாசலில் கட்டியிருந்தது.

"ஏது?"

"ஏன், உரிமைத் தொகைதான். கிடைக்காரனுக்குக் காசு கொடுத்துக் கொடுத்து மாளல. நம்ம ஆடு நம்ம கொல்லியில புழுக்கை போடட்டும்."

இரண்டு ஆடு ஒரு ஏக்கருக்கு எந்த மூலைக்குன்னு நான் சிரிச்சேன். குட்டிகளோடு சேர்த்து இப்போ ஏழு நிற்குது. புழுக்கையும் மூத்திரமும் ஊறின மண்ணை வாரிக் குப்பையில் போட்டு மக்க வைக்கிறோம். கழனிக்கு வெளியே இருந்து எரு வாங்குவது பாதியாகக் குறைஞ்சிருக்கு.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று வெளியே தெரியாது. விதை. மானாவாரி மல்லாட்டை போடுறவங்களுக்குத் தெரியும், ஒரு ஏக்கருக்கு ஐம்பது அறுபது கிலோ விதைப்பருப்பு வேணும். அதுதான் இந்தப் பயிரில் பெரிய செலவு. நல்ல காயாகப் பொறுக்கி விதைக்கு மூட்டை கட்டி வைப்போம். ஐப்பசி கார்த்திகையில் மழை விடாமல் பெய்து கூலி வேலையும் இல்லாதபோது அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டே பசியோடு இருக்க முடியாது. தீபாவளிக்குத் துணி, பிள்ளைக்குக் காய்ச்சல், ஏதோ ஒரு சாக்கில் மூட்டை செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போய்விடும். அடுத்த ஆனியில் வெளி விதை கடனுக்கு வாங்கணும். அது என்ன ரகம், எந்த மருந்தில் புரட்டினது, கடவுளுக்குத்தான் வெளிச்சம். 2023 அறுப்பிலிருந்து எங்க வீட்டில் விதை மூட்டை அவிழவில்லை. ஐப்பசி கார்த்திகை மளிகைச் செலவை அந்த ஆயிரம் தாங்கிப் பிடிச்சது. மூணு பட்டமாக எங்க சொந்த விதை. நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராக நடந்து விதையைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னாரே, அதற்கு மனசு மட்டும் போதாது, மழைக்காலத்தில் அடுப்பு எரியணும்.

காசைக் கொடுத்தால் குடிச்சி அழிச்சிடுவாங்க என்று பேசுகிறவங்களுக்கு ஒரு தகவல். 2011-12இல் மத்தியப் பிரதேச கிராமங்களில் சேவா பெண்கள் அமைப்பு, யுனிசெஃப் உதவியோடு ஒரு சோதனை நடத்தியது. பெரியவங்களுக்கு மாதம் 200 ரூபாய், பிள்ளைக்கு 100, பிறகு 300ம் 150ம். ஒரு நிபந்தனையும் இல்லை. பணம் வந்த ஊர்களில் ஆடு, கோழி கூடியது, விதைக்கும் சாப்பாட்டுக்கும் செலவு பண்ணினாங்க. நாம கவனிக்க வேண்டிய விசயம், கூலிக்குப் போய்க்கொண்டிருந்த சின்ன விவசாயிகள் தங்கள் சொந்த நிலத்தில் கூடுதல் நாள் வேலை செய்ய ஆரம்பிச்சாங்க. எங்க வீட்டு ஆடும் விதையும் எனக்கு அதனால் ஆச்சரியமாகத் தெரியல. எங்க ஊரில் குடிக்கிறவன் இந்தப் பணம் வரதுக்கு முன்னாடியும் குடிச்சிக்கிட்டுத்தான் இருந்தான்.

இதுவரை நிலம் தன் பெயரில் உள்ளவன் கதை. எங்க கொல்லிக்குப் பக்கத்திலேயே இன்னொரு வீட்டுக் கதை இருக்கு. அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பாதிதான்.

அவர் எனக்குப் பங்காளி முறை, "ண்ணா"ன்னுதான் கூப்பிடுவார். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. சென்னையில் இருக்கிற ஒருத்தருடைய ஒன்றரை ஏக்கரை வாரத்துக்குப் பண்றார். பதினொரு வருசமாக அந்த மண்ணைக் கிளறுவது அவர்தான். பி.எம்.கிசான் பட்டாக்காரருக்கு வரும், இவருக்கு வராது. விதிப்படியே அப்படித்தான், குத்தகைதாரருக்கு அதில் இடமில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறினபோது இது முகத்தில் அறைஞ்ச மாதிரி தெரிஞ்சது. எங்க மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை. என் தூயமல்லி கதிர் பிடிக்கிற நேரத்தில் மூணு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. அவருடைய நெல்லும் அப்படியே. பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்றும், 33 சதவீதத்துக்கு மேல் சேதமான இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்றும் அரசு அறிவிச்சது. ஏக்கருக்குப் பார்த்தால் சுமார் 6,900. என் 60 சென்ட்டுக்கு நாலாயிரத்துச் சொச்சம். அந்தப் பணத்தில் ஊறின வைக்கோலை அப்புறப்படுத்தி, உளுந்து தெளிச்சேன், மாசியில் வீட்டுச் செலவுக்கு உளுந்தாவது வந்தது. பங்காளி பயிருக்கு உண்டான பணம் சிட்டா யார் பெயரிலோ அவர் கணக்குக்குப் போச்சு. "பாதியாச்சும் குடுப்பாருன்னு பாத்தேன்ணா. போனு எடுக்கல" என்றார். அவர் வீட்டுக்கு வந்தது ரேஷன் அட்டைக்கு உண்டான 2,000 மட்டும்தான்.

ஆனால் அதே வீட்டில் அவர் மனைவிக்கு உரிமைத் தொகை ஆயிரம் மாதா மாதம் வருது. ஏன் என்றால் அது பட்டாவைப் பார்த்துக் கொடுக்கிற பணம் இல்லை, குடும்ப அட்டையைப் பார்த்துக் கொடுக்கிறது. நஞ்சை 5 ஏக்கருக்கும் புஞ்சை 10 ஏக்கருக்கும் மேல் இருந்தால் கிடையாது என்பார்கள், நிலமே இல்லாதவரைத் தள்ளி வைக்காது. அந்த ஆயிரம் இருந்ததால்தான் அவர் அந்தத் தை மாதம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகாமல் இருந்தார். இப்போது வரப்பில் வேப்பங்கொட்டை பொறுக்கி, கால் ஏக்கரில் மட்டும் நம்ம முறையைச் சோதிச்சுப் பார்க்கிறார். மீதிக்கு உரக்கடை நோட்டு இன்னும் ஓடுது.

யாரைப் பார்த்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கு. தெலங்கானாவில் 2018 மே மாதம் ரைத்து பந்து தொடங்கி ஏக்கருக்குப் போகத்துக்கு 4,000 கொடுத்தாங்க. ஏக்கர் கணக்கு என்பதால் ஐம்பது ஏக்கர்காரருக்கு லட்சக்கணக்கில் போனது, குத்தகைக்காரனுக்கு ஒன்றுமில்லை. ஒடிசாவின் காலியா திட்டத்தில் குத்தகை விவசாயியையும், நிலமில்லாத கூலிக் குடும்பத்தையும் சேர்த்தாங்க. நிலமில்லாதவங்களுக்கு ஆடு, கோழி, காளான் வளர்க்கப் பணம். என் ஓட்டு ஒடிசாவுக்குத்தான்.

நம்ம மாநிலத்தில் 1969ஆம் வருசத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருக்கு. பதிவு பண்ணினால் நிலம் கைவிட்டுப் போயிடும் என்று உடையவங்க பயப்படறாங்க. பதிவு கேட்டால் அடுத்த போகம் வேற ஆளுக்குப் போயிடும் என்று குத்தகைக்காரர் பயப்படறார். இரண்டு பயத்துக்கு நடுவில் சட்டம் தூங்குது.

மோசடியையும் மறைக்க வேண்டாம். 2020இல் பி.எம்.கிசானில் நம்ம மாநிலத்தில் சுமார் ஐந்தரை லட்சம் பேர் தகுதி இல்லாமல் சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபாய் அளவுக்குப் போனது வெளியே வந்தது. அதில் எங்க விழுப்புரம், பக்கத்துக் கள்ளக்குறிச்சி, கடலூர் எல்லாம் முன்னாடி நின்ற மாவட்டங்கள். அதிகாரிகளின் பாஸ்வேர்டை வைத்துக் கணினி மையங்களில் ஆள் சேர்த்திருந்தாங்க. சி.பி.சி.ஐ.டி. விசாரணை, பணம் திரும்ப வசூல் என்று நடந்தது. அதற்குப் பிறகு சரிபார்ப்பு இறுகினதில் எங்க ஊர் விதவைத் தாய் ஒருத்தருடைய நேர்மையான மனு வருசக் கணக்கில் நின்றுபோச்சு. திருடினவன் வேற, தண்டனை அனுபவிச்சது அந்தம்மா. கைரேகை தேய்ந்து மெஷினில் பதியாத என் அம்மா வயசுக்காரங்களுக்கு இ-கே.ஒய்.சி. இன்னொரு மலை. இப்போது விவசாயி தனி அடையாள எண்ணும் கேட்கறாங்க.

இனி நம்ம இயக்கம் பேச வேண்டிய விசயம். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அரசாங்கம் சொல்கிற அதன் உண்மை அடக்க விலை இரண்டாயிரத்துக்கும் மேல். நடுவில் உள்ள பணம் மானியம். ஆதார் வைத்து விரல் பதிஞ்சி மூட்டை வாங்கினதும் அந்த மானியம் உரக் கம்பெனி கணக்குக்குப் போகும். இதற்கும் நேரடி மானியம் என்றுதான் பெயர்! 2022-23இல் நாடு முழுக்க உர மானியம் மட்டும் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். அந்தச் சமயத்தில் பி.எம்.கிசானுக்கு ஆன செலவு 60,000 கோடியைச் சுத்தி. மூட்டை வாங்குகிறவனுக்கு அதில் பங்கு உண்டு, மூட்டையே வாங்காத நமக்கு ஒரு பைசா இல்லை. மண்ணைக் கெடுக்காமல், அந்நியச் செலாவணியையும் மிச்சம் பிடிச்சுக் கொடுக்கிற உழவன் வெறுங்கையோடு நிற்கிறான். வாங்காத உரத்தின் மானியத்தில் ஒரு பங்கை, களை எடுக்கிற மாதத்தில், உழுகிறவர் கணக்கில் ரொக்கமாகப் போடச் சொல்லி நாம் கேட்கணும். நுண்ணுயிர் உர பாட்டிலாகவோ வேப்பம்புண்ணாக்கு மூட்டையாகவோ கொடுத்தால் திரும்ப ஒரு கம்பெனிதான் வாழும்.

அது வரும்போது வரட்டும். கையில் உள்ளதை முதலில் பார்ப்போம். எங்க ஊரில் பணம் வராத வீடுகளை எழுதிப் பார்த்தோம். பாதிக்கு மேல் கூட்டுப் பட்டா. செத்துப்போன தாத்தா பெயரில் நிலம், நாலு பங்காளி பிரிச்சி உழறாங்க, தாளில் பிரிக்கவில்லை. பி.எம்.கிசானில் 2019 பிப்ரவரி 1ஆம் தேதிக்குப் பிறகு நிலம் வாங்கினவங்களுக்குக் கிடையாது. ஆனால் வாரிசாக வந்த நிலத்துக்கு அந்தத் தடை இல்லை. இது பல பேருக்குத் தெரியாமல் மனுவே போடாமல் இருக்காங்க. விதவைகள், அண்ணன் தம்பி பெயரிலேயே எல்லாம் இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்த பெண்கள், இவங்க பட்டியல்தான் நீளம்.

வருகிற ஜமாபந்திக்கு செஞ்சி தாலுகா ஆபீசில் கொடுப்பதற்கு ஏழு வீட்டுக்கு உட்பிரிவு மனு எழுதி வச்சிருக்கோம், அதில் மூணு பெண்கள் பெயரில். சுத்துப்பட்டு ஊர்களில் யாருக்காவது இதே சிக்கல் இருந்தால் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று நாலையும் இப்பவே எடுத்து வைங்க. வாரிசுச் சான்று கைக்கு வரத்தான் நாள் ஆகுது.